இழைகளும் இணைய வேண்டுகோள்களும்

கணினி நிரல் ஒன்று ஒரே வேளையில் பல காரியங்களை ஆற்றும் பொருட்டுத் தன் ஓட்டத்தைப் பல கிளைகளாக்கிக் கொள்வதுண்டு. அக்கிளைகளை இழைகள் என்பர். நூறு தளங்களை வினவவேண்டிய நிரல், ஓரிழை விடைக்குக் காத்திருக்கையில் மற்றோரிழையால் அடுத்த தளத்தை வினவலாம். நன்மை வெளிப்படை. இடர் யாதெனின், இழைகள் யாவும் ஒரே நினைவகத்தை ஆளுதலாம்.

நம் மாணவருட் பலர் இன்று நிரலெழுதப் பயில்கின்றனராதலின், இணைய வேண்டுகோள்களை அனுப்புதற்குப் பெரிதும் வழங்கும் 'லிப்கேர்ல்' என்னும் நிரற்றொகுதியை எடுத்துக்கொள்வோம். அதில் ஒவ்வொரு வேண்டுகோளையும் 'ஹாண்டில்' எனும் அமைப்பொன்று தாங்கும். செல்லும் முகவரி, கடவுச்சொல், குக்கீ, திறந்துள்ள தொடர்பு ஆகியன அதனுள் அடங்கும். ஒரு ஹாண்டிலை இரண்டு இழைகள் ஒரே வேளையில் தொடலாகாது என்பது அதன் விதி. ஒன்று முடித்தபின் மற்றொன்றுக்குக் கையளிப்பதில் தவறில்லை.

விதியை மீறின் விளைவதென்ன? முதலிழை முகவரியை எழுதி, அனுப்புமுன் இரண்டாமிழை அதை மாற்றிவிடலாம். ஒருவரது கடவுச்சொல் அவர் கருதாத தளத்துக்குச் செல்லும். சில வேளை நிரலே நின்றுபோகும். இதிற் கொடியது, சோதனையின்போது பெரும்பாலும் யாதும் நிகழாமையே. இழைகள் சந்திக்கும் கணம் ஒவ்வோர் ஓட்டத்திலும் வேறுபடும்.

முழு வேண்டுகோளையும் பூட்டொன்றினுள் வைப்பாருமுளர். அப்போது ஓரிழை முடியும்வரை ஏனையவை காத்துநிற்கும். பின்னர் இழைகள் எதற்கு? இழைக்கொரு ஹாண்டில் கொடுத்தலே நேரிய வழி. குக்கீகளைப் பொதுவாக்க விரும்பின் அதற்குத் தனிவசதி உண்டு. ஆயினும் பூட்டித் திறக்கும் செயல்களை நிரலெழுதுவோரே அமைத்துக் கொடுக்கவேண்டும். தொகுதியைத் தொடக்கிவைக்கும் செயலுங்கூட, 2022இல் வெளிவந்த 7.84.0 பதிப்புக்கு முன்னர், இழைகள் பிறக்குமுன்னரே செய்யப்படவேண்டியதாயிருந்தது.

ஓரிழையே ஓடினும் பல வேலைகள் மாறிமாறி நடப்பின் இத்தொல்லை உண்டு. 2023 மார்ச் 20ஆந் திகதி சாட்ஜிபிடி சேவையிற் சிலர் பிறருடைய உரையாடற் றலைப்புகளைக் கண்டனர். சேவையின் வழங்கி தன் தரவுக் களஞ்சியத்தை வினவியபின், விடை வருமுன் அவ்வேண்டுகோள் கைவிடப்பட்டது. தொடர்போ பொதுக்குவைக்குத் திரும்பியது. அடுத்து அத்தொடர்பை எடுத்தவருக்கு முன்னவரின் விடை கிடைத்தது. இடையிற் கைவிட்ட தொடர்பை மூடிப் புதியதொன்றைத் திறப்பதே இதற்குரிய பரிகாரம்.