செத்த நோட்டும் பேஸ்பால் அட்டையும்

சென்ற மாதம் ஒருநாள் மாலை என் மகன் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் ஒரு பேஸ்பால் அட்டையைக் கொண்டுவந்து காட்டினான். தெளிவான பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக இருந்தது. மூன்று அட்டைகளைக் கொடுத்து இந்த ஒன்றை வாங்கினானாம். என் மனைவிக்கு வந்ததே கோபம்! "ஏங்க, காலணி வாங்க வைத்திருந்த காசையெல்லாம் இவன் இந்தக் காகிதத்தில் போடுகிறான். நீங்கள் ஒன்றும் கேட்க மாட்டீர்களா?" என்றாள்.

புதிதாக இங்கே வந்து குடியேறிய நம் வீடுகளில் இந்தச் சண்டை நடக்காத வீடு குறைவு என்றே நினைக்கிறேன். பிள்ளைகளுக்குப் பள்ளியில் பேச்சுத்துணை கிடைப்பதே சிலசமயம் இந்த அட்டைகளால்தான். ஆனால் நமக்கோ கிரிக்கெட் தெரியும், பேஸ்பால் தெரியாது. எனவே இந்தப் பொழுதுபோக்கு என்னவென்று கொஞ்சம் விசாரித்தேன். விசாரிக்க விசாரிக்க அது என்னை ரங்கூனுக்கே கொண்டுபோய் விட்டது.

பேஸ்பால் அட்டை முதலில் சிகரெட் பெட்டியில்தான் வந்தது. 1880-களில் அமெரிக்கப் புகையிலைக் கம்பெனிகள் விளையாட்டு வீரர் படத்தைச் சிறு அட்டையில் அச்சிட்டுப் பெட்டிக்குள் வைத்தன. பிற்பாடு மிட்டாயோடும் சூயிங் கம்மோடும் வந்தது. 1952-ல் டாப்ஸ் என்ற கம்பெனி போட்ட வரிசைக்குத்தான் இன்று பெரிய பெயர். அதில் மிக்கி மேண்டில் என்ற வீரரின் அட்டை ஒன்று 2022 ஆகஸ்டில் 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. வேடிக்கை என்னவென்றால், அந்த 1952 அட்டைகள் அன்று விற்காமல் தேங்கிக் கிடந்தவை. இடம் அடைக்கிறதென்று 1960-ல் அவற்றைப் படகில் ஏற்றி அட்லாண்டிக் கடலில் கொட்டிவிட்டதாக, அந்தக் கம்பெனியில் இருந்த ஸை பெர்கர் என்பவரே சொல்லியிருக்கிறார்.

அந்தக் கதையைக் கேட்ட ஊர் ஜனங்கள் விட்டார்களா? 1980-களின் கடைசியிலும் 1990-களின் தொடக்கத்திலும் பெட்டி பெட்டியாக வாங்கி, பிள்ளையின் படிப்புச் செலவுக்கு ஆகுமென்று பரணில் வைத்தார்கள். கம்பெனிகளும் சளைக்காமல் அச்சிட்டுத் தள்ளின. எல்லோரும் பத்திரப்படுத்தியதால் எல்லாமே மிஞ்சியது. அந்தக் கால அட்டைகளில் பெரும்பாலானவற்றை இன்று கேட்பாரில்லை.

இதை எனக்கு ஒருவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. காகிதம் எப்படிப் பணமாகிறது, பணம் எப்படிக் காகிதமாகிறது என்பதை ரங்கூன் தமிழன் தன் வீட்டுக்குள்ளேயே பார்த்தவன்.

சனிக்கிழமை வந்த செய்தி

1987 செப்டம்பர் 5, சனிக்கிழமை. எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. ஃபிரேசர் தெருவை ஒட்டிய சந்து ஒன்றில் இருந்தோம். அதன் பெயர் அனோரதா சாலை என்று மாறி எவ்வளவோ காலமாகியும் எங்கள் பெரியவர்களுக்கு அது ஃபிரேசர் தெருதான். அப்பா தையல்காரர். 25, 35, 75 கியாட் நோட்டுகள் இனிச் செல்லாது என்று அன்று அறிவிப்பு வந்தது. மாற்றிக்கொள்ளவும் வழியில்லை, ஈடும் இல்லை. அரிசி டின்னுக்குள் அம்மா சேர்த்து வைத்திருந்த பணம் அத்தனையும் 35-ம் 75-மாகவே இருந்தது.

இந்த 75 கியாட் நோட்டே ஒரு விசித்திரம். உலகத்தில் எவர் 75-க்கு நோட்டு அடிப்பார்? 1985 நவம்பரில் 20, 50, 100 கியாட் நோட்டுகளைச் செல்லாதென்று சொன்ன அரசாங்கம், ஆட்சித் தலைவர் நே வின்னுக்கு 75 வயதான கணக்கில் அதை வெளியிட்டது. 1987-ல் அதையும் செல்லாததாக்கிவிட்டு, அதே மாதத்தில் 45-ம் 90-மாக நோட்டு விட்டார்கள். அவருக்கு ஒன்பதாம் எண் ராசி, நாலும் ஐந்தும் ஒன்பது, ஒன்பதும் சைபரும் ஒன்பது என்று ஊரெல்லாம் பேச்சு. அறிவிப்பு வந்தவுடன் ரங்கூன் தொழில்நுட்பக் கல்லூரி மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். அடுத்த ஆண்டு, 1988-ல், நாடே இறங்கியது.

பெரியவர்கள் தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்க, சந்துப் பையன்களான எங்களுக்கு அது திருவிழா! செல்லாத நோட்டை "செத்த நோட்டு" என்போம். அடுக்கி வைத்துப் பண்டமாற்று நடக்கும். மடிப்பு விழாத 75-க்கு மூன்று 35. எண் வரிசையாக இரண்டு நோட்டு வைத்திருந்தவன் அன்றைக்கு ராஜா. என் மகன் மூன்று அட்டைக்கு ஓர் அட்டை வாங்கினேன் என்றபோது என் வாயை அடைத்தது இந்த ஞாபகம்தான்.

நாங்கள் விளையாடுவதைப் பார்த்த அப்பத்தா, திட்டாமல் தன் டிரங்குப் பெட்டியைத் திறந்தார். "உங்க நோட்டு நேத்துத்தான் செத்துச்சு. என் நோட்டு செத்து எத்தனை வருஷம் தெரியுமா?" என்று ஒரு துணிப்பொதியை அவிழ்த்தார். உள்ளே ஜப்பான் காலத்து ரூபாய்கள். கூடவே ஒரு ஐம்பது கியாட் நோட்டு, 1964-ஆம் ஆண்டு மே 17-ல் செத்தது. அந்த மார்ச் மாதத்தில்தான் கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. இரண்டு மாதத்தில் 50, 100 கியாட் நோட்டுகளும் போயின. நம்மவர் ஆயிரக்கணக்கில் கப்பலேறி மதராஸ் போனது அதன் பிறகுதான். சென்னைக் கடற்கரை ரயில் நிலையத்தருகே இருக்கும் பர்மா பஜார் அவர்கள் பிழைப்புக்காகத் தொடங்கியது.

எதை எப்படிப் பார்ப்பது

வாசகர்களில் பர்மாத் தொடர்புள்ள குடும்பங்கள் சில இருக்கக்கூடும். தாத்தா பாட்டி பெட்டியில் பழைய காகிதம் இருந்தால் இதைப் படித்துவிட்டு ஒருமுறை பாருங்கள்.

ஜப்பானியர் 1942 மார்ச்சில் ரங்கூனைப் பிடித்ததும் தாங்கள் அச்சிட்ட ரூபாயைப் புழக்கத்தில் விட்டார்கள். அந்த நோட்டில் இரண்டு ஆங்கில எழுத்துகள் இருக்கும், முதலெழுத்து "பி". பர்மாவுக்கு பி, மலாயாவுக்கு எம் என்று நாட்டுக்கொரு எழுத்து வைத்திருந்தார்கள். 1945-ல் வெள்ளைக்காரன் திரும்பி வந்ததும் இவை வெறும் காகிதமாயின. மலைபோல் அச்சிட்டதால் இன்றும் ஏராளமாகக் கிடைக்கின்றன, விலையும் சொற்பம். பெட்டியில் ஒரு கட்டு இருப்பதை வைத்து வீடு வாங்கலாமென்று யாரும் மனக்கோட்டை கட்ட வேண்டாம்.

அதற்கு முந்திய காலத்து நோட்டு வேறு ரகம். 1937 ஏப்ரல் 1-ல் பர்மா இந்தியாவிலிருந்து பிரிந்தது. பிரிந்த பிறகும் நோட்டு அடித்துக் கொடுத்தது இந்திய ரிசர்வ் வங்கிதான். முதலில் இந்திய நோட்டின் மேலேயே "பர்மாவில் மட்டும் செல்லும்" என்று ஆங்கிலத்தில் அச்சடித்தார்கள். 1938-ல் ஆறாம் ஜார்ஜ் மன்னர் படத்தோடு தனி நோட்டு வந்தது, அதில் ரிசர்வ் வங்கி கவர்னர் ஜே.பி. டெய்லரின் கையெழுத்து. தபால் தலைகளும் அப்படியே. 1937-ல் இந்தியத் தபால் தலைமேல் "பர்மா" என்று அச்சிட்டவை, 1938-ல் அரச படகும் தேக்கு இழுக்கும் யானையும் ஐராவதி நதியும் போட்ட சொந்தத் தபால் தலைகள். இவற்றையெல்லாம் நான் முதலில் பார்த்தது பான்சோடான் தெரு நடைபாதைப் புத்தகக் கடைகளில். ஸ்காட் மார்க்கெட் என்று நம்மவர் சொல்லும் போஜோக் மார்க்கெட்டிலும் வெளிநாட்டுக்காரர்களுக்கென்று பழைய நோட்டுகளைக் கண்ணாடிப் பெட்டியில் அடுக்கி விற்பார்கள். பையனாக இருந்த எனக்குப் பார்க்க மட்டும்தான் அனுமதி.

போலிகள் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். 1942-ல் பர்மா விடுதலைப் படை, டெல்டாப் பகுதியில் மியாங்மியா, பியாபோன், ஹென்சாடா ஊர்களில் பழைய தபால் தலைகளின் மன்னர் தலைமேல் மயில் சின்னத்தை அச்சிட்டது. தபால் தலை சேர்ப்போர் இவற்றுக்கு அலைவார்கள். அதனாலேயே பொய் மயில்கள் நிறையப் பறக்கின்றன. இன்னொன்று, நம் குடும்பங்களுக்கு நெருக்கமானது, ஆசாத் ஹிந்த் தபால் தலை. 1944 ஜனவரியில் நேதாஜி தம் அரசாங்கத்தின் தலைமையகத்தை ரங்கூனுக்கு மாற்றினார். அவர் படையில் தமிழர்கள் எத்தனை பேர் என்பது உங்களுக்கே தெரியும். அந்தத் தபால் தலைகள் அதற்கு முன்பே பெர்லினில் அச்சானவை. ஆனால் எந்தத் தபாலிலும் அவை பயன்படவில்லை. ஆகவே ஆசாத் ஹிந்த் தபால் தலை ஒட்டி, தபாலில் போய்வந்த கடித உறை என்று ஒருவர் காட்டினால், கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

கையெழுத்திட்ட பேஸ்பாலிலும் இதே சங்கதிதான். பேப் ரூத் என்ற பெரிய வீரரின் பெயரை அவருக்காக மற்றவர்களே பந்தில் எழுதிக் கொடுத்ததுண்டு என்கிறார்கள். பின்னாளில் கள்ளக் கையெழுத்துப் போடுவது ஒரு தொழிலாகவே வளர்ந்து, 1990-களின் இறுதியில் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. பெரிய கும்பலையே வளைத்துப் பிடித்தது. கூடவே தரும் சான்றிதழையும் அந்தக் கும்பலே அச்சிடுமாம்! பிள்ளை ஆசைப்படுகிறானென்றால் மைதானத்துக்கு அழைத்துப் போய், வீரரிடமே நேரில் வாங்கச் சொல்லுங்கள். பேனாவும் பந்தும் போதும். வாங்கிய பந்தை வெயிலில் வைத்தால் மை வெளுத்துவிடும்.

நான் வெட்டிய உறைகள்

சொல்ல வெட்கப்படும் விஷயம் ஒன்று உண்டு. அப்பத்தாவின் பெட்டியில் நோட்டுகளுக்குக் கீழே ஒரு கட்டுக் கடிதங்கள் இருந்தன. அப்பாவின் அக்கா 1964-ல் கப்பலேறிப் போனவர். மதராசிலிருந்து எழுதிய கடிதங்கள் அவை. எனக்கு அப்போது தபால் தலைப் பித்து. அப்பத்தா தூங்கும்போது எல்லா உறைகளிலிருந்தும் தபால் தலைகளைக் கத்தரித்து, தண்ணீரில் ஊறப்போட்டு உரித்து, நோட்டுப் புத்தகத்தில் ஒட்டினேன். உறைகளை அடுப்பில் போட்டேன். நல்ல பையன், கடிதங்களை மட்டும் அப்படியே திருப்பி வைத்தேன்.

பல வருடம் கழித்து அத்தையிடமிருந்து அப்பாவுக்கு ஒரு கடிதம் வந்தது. வீட்டு மனைப் பட்டாவுக்காக, பர்மாவிலிருந்து எந்த ஆண்டு வந்தார் என்பதைக் காட்டச் சொல்கிறார்கள். அத்தையின் காகிதங்கள் மழைவெள்ளத்தில் போய்விட்டன. "வந்த புதுசுல அம்மாவுக்குப் போட்ட காயிதம் இருக்குமே தம்பி, அதோட கவர் அனுப்பு. தபாலாபீஸ் முத்திரையில தேதி இருக்கும்" என்று எழுதியிருந்தார்.

கடிதங்கள் இருந்தன. அத்தைக்கு எழுதத் தெரியாது. யாரோ எழுதிக் கொடுத்தவை. "நலம், நலமறிய ஆவல்" என்று தொடங்கும். ஒன்றிலும் தேதி இல்லை. என் நோட்டுப் புத்தகத்தைப் புரட்டினோம். நேரு மறைவுக்காக 1964 ஜூனில் வெளியான தபால் தலை ஒன்று இருந்தது. அந்தக் கடிதம் அந்த மாதத்துக்கு முந்தியதல்ல என்பதற்கு அது சாட்சி, எப்போது போட்டது என்பதற்கு அல்ல. அதன் மூலையில் முத்திரை வட்டத்தின் கால்வாசியும் ஊர்ப்பெயரில் இரண்டு எழுத்தும் இருந்தன. தேதி அடுப்புக்குள் போயிருந்தது. அத்தை இருந்தவரை அந்தக் காரியம் முடியவில்லை.

ஆகவே உறையை வெட்டாதீர்கள். தபால் தலையும் முத்திரையும் முகவரியும் சேர்ந்து இருந்தால்தான் சேகரிப்பவருக்கும் மதிப்பு. முகாமிலிருந்து வந்த உறை, கப்பல் சீட்டு, ரேஷன் அட்டை, தடுப்பூசிச் சீட்டு என எதுவானாலும் அப்படியே வையுங்கள். பழைய நோட்டைக் கழுவாதீர்கள், இஸ்திரி போடாதீர்கள், கிழிசலுக்கு செல்லோ டேப் ஒட்டாதீர்கள். லேமினேட் செய்வது அறவே கூடாது. மலிவான பிவிசி பிளாஸ்டிக் உறைகள் நாளாக ஆக ஒட்டிப் பாழாக்கும். பாலிப்ரொப்பிலீன் என்று எழுதியிருக்கும் உறையாகப் பார்த்து வாங்குங்கள். பேஸ்பால் அட்டைக் கடையில் அதுவே கிடைக்கும், நூறு உறை சில டாலர்தான். பெட்டியை நிலவறையில் வைக்க வேண்டாம், ஈரம் ஏறும்.

அந்த உறைகளை எனக்கு அறிமுகப்படுத்தியது என் மகன்தான். அவன் அட்டைக்கு வாங்கியதில் மிச்சமிருந்தவற்றைக் கேட்டேன். எதற்கென்று கேட்டான். அப்பத்தாவின் துணிப்பொதியை அவிழ்த்துக் காட்டினேன். ஜப்பான் நோட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். ஐம்பது கியாட்டைத் திருப்பிப் பார்த்தான். 75 கியாட் நோட்டைப் பார்த்ததும், எந்த நாட்டில் இப்படி அடிப்பார்கள் என்று சிரித்தான். பிறகு பதின்மூன்று உறைகளை எண்ணிக் கொடுத்துவிட்டு, அந்த 75-க்குத் தன் அட்டைகளில் எதை வேண்டுமானாலும் தருவதாகப் பேரம் பேச ஆரம்பித்தான். நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.