டிவியை முதலில் அணையுங்கள்

டிமென்ஷியா எனப்படும் முதுமை மறதி நோய் உள்ளவர் மாலையானால் கத்துகிறார், சாப்பாட்டைத் தள்ளிவிடுகிறார் என்றதும், தூக்க மாத்திரை கேட்டு டாக்டரிடம் ஓடுகிறோம். கிளம்பும் முன் வீட்டை ஒருமுறை அவருடைய காதாலும் கண்ணாலும் பாருங்கள்.

சத்தம்

மிக்ஸி ஓடினாலும் பக்கத்தில் இருப்பவர் பேசுவது நமக்குப் புரிகிறது. வேண்டாத ஒலியை மூளை ஒதுக்கிவிடுகிறது. இந்த நோயில் அந்தத் திறன் குறைகிறது. குக்கர் விசில், தெரு ஹாரன், பேரனின் செல்போன் எல்லாம் ஒன்றாக வந்து மோதும். காது மெஷின் போட்டிருந்தால் பின்னணி இரைச்சலும் சேர்ந்தே பெரிதாகும்.

எல்லாவற்றிலும் மோசம், ‘பாட்டிக்குத் துணையா இருக்கட்டும்’ என்று நாள் முழுக்க ஓடும் டிவி. சீரியலில் ஒருத்தி அழுதால் தன் வீட்டில்தான் யாரோ அழுகிறார்கள் என்று அவர் நம்பிவிடலாம். சாப்பாட்டு நேரத்திலாவது அணையுங்கள். எதிரே உட்கார்ந்து ஒருவர் மட்டும் பேசுங்கள், ஒரு நேரத்தில் ஒரு விஷயம். அதற்காக வீடு மயானம்போல இருக்க வேண்டாம். அவருக்குப் பிடித்த பழைய பாட்டை மெல்ல வைத்து, சற்று நேரத்தில் நிறுத்தலாம்.

கண்ணை ஏமாற்றுபவை

பளபளக்கும் டைல்ஸ் தண்ணீராகவும், கறுப்பு மிதியடி பள்ளமாகவும் தெரியலாம். தாண்ட மறுப்பது பிடிவாதமல்ல, பயம். கண்ணாடியில் தெரியும் முகத்தை அந்நியர் என்று நினைத்து மிரண்டால் கண்ணாடியைத் துணி போட்டு மூடுங்கள். தட்டின் நிறமும் முக்கியம்: 2004இல் பாஸ்டன் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒரு சிறிய ஆய்வில், அடர்நிறத் தட்டில் பரிமாறியபோது நோயாளிகள் சுமார் 25 சதவீதம் கூடுதலாகச் சாப்பிட்டார்கள். நம் வாழையிலையில் சோறு எடுப்பாகத் தெரிவதும் இந்த நிற வேறுபாட்டால்தான்.

விளக்கு வைக்கும் நேரம்

பொழுது சாயும்போது பலருக்குப் பதற்றம் கூடும். இருட்டும் முன்பே விளக்கைப் போட்டுத் திரையை இழுத்துவிட்டால் மிரட்டும் நிழல்கள் குறையும். மாவரைப்பதையும் விருந்தாளிகள் வருகையையும் காலைக்கு மாற்றுங்கள். ஒழுங்குபடுத்துகிறேன் என்று அவருடைய சாய்வு நாற்காலியையோ கல்யாண போட்டோவையோ நகர்த்திவிடாதீர்கள். அவருக்கு அடையாளம் தெரிந்த இடம் அது.

உடனே டாக்டரிடம்

ஓரிரு நாளில் திடீரெனக் குழப்பம் அதிகமானால் காரணம் வீட்டில் இல்லாமல் உடலில் இருக்கலாம். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், நீர்ச்சத்துக் குறைவு, புதிதாகத் தொடங்கிய மாத்திரை, சொல்லத் தெரியாத வலி என எதுவாகவும் இருக்கலாம். அன்றைக்கே கூட்டிப்போய்க் காட்டுங்கள்.