எஞ்சின் ஆயிலில் எவ்வளவு இரும்பு?

தேனி மாவட்டத்துக்காரர்கள் விமானம் ஏற மதுரைக்கோ கொச்சிக்கோதான் போக வேண்டும். ஆனாலும் விமான எஞ்சின் ஆயிலைச் சோதித்து உள்தேய்மானத்தை முன்கூட்டியே பிடிக்கும் முறை நமக்கு அந்நியமல்ல. அது முதலில் வேரூன்றியது ரயில் எஞ்சினில். 1940-களில் அமெரிக்காவின் டென்வர் அண்டு ரியோ கிராண்டே வெஸ்டர்ன் ரயில்வே, டீசல் எஞ்சின் ஆயிலில் கலந்த உலோகத்தை அளந்து கோளாறைக் கண்டறிந்தது. 1950-களில் அமெரிக்கக் கடற்படை அதையே விமானங்களுக்கு எடுத்துக்கொண்டது. இந்திய ரயில்வேயும் டீசல் ஷெட்களில் இதற்கென ஆய்வகம் வைத்தது. 2022-ல் அகலப்பாதையில் தேனிக்குத் திரும்பிய ரயிலை இழுத்து வந்ததும் டீசல் எஞ்சின்தான்.

சோதனை எளிமையானது. சொட்டு ஆயிலை மின்பொறியில் எரித்தால், ஒவ்வொரு உலோகமும் தனக்கே உரிய ஒளியை உமிழும். அதை வைத்துப் பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்று கணக்கிடுவார்கள். இரும்பு ஏறினால் சிலிண்டர் அல்லது கியர். அலுமினியம் என்றால் பெரும்பாலும் பிஸ்டன். செம்பு என்றால் புஷ், பேரிங். ஜெட் எஞ்சினில் வெள்ளி தென்பட்டால் பேரிங் கூட்டின் பூச்சு. ரயில் டீசலில் சோடியமோ போரானோ கூடினால், குளிர்விக்கும் தண்ணீர் உள்ளே கசிகிறது.

ஒரே ஒரு ரிப்போர்ட்டைப் பார்த்துப் பதறுவதில் பயனில்லை. அதே எஞ்சினின் முந்தைய அளவுகளோடு ஒப்பிட்டு, ஏற்றம் எவ்வளவு வேகமானது என்று பார்க்க வேண்டும். இன்னொரு குறையும் உண்டு: சுமார் 10 மைக்ரானுக்கு மேற்பட்ட துகள்கள் இந்தக் கருவிக்குச் சரியாகச் சிக்காது. பேரிங் திடீரென உதிரும்போது வருவது பெரிய துகள்தான். அதனால்தான் விமானங்களில் ஆயில் ஓடும் வழியில் காந்த பிளக்கும் வைக்கிறார்கள். ஃபில்டரையும் பிரித்துப் பார்க்கிறார்கள்.

லோயர் கேம்ப்பிலிருந்து குமுளிக்கும், போடியிலிருந்து போடிமெட்டுக்கும் சுமையோடு ஏறும் லாரிகளுக்கும், புழுதியில் உழும் டிராக்டர்களுக்கும் இந்த ஆயில் சோதனை பொருந்தும். சிலிக்கானும் இரும்பும் சேர்ந்து ஏறினால் முதலில் ஏர் ஃபில்டரைப் பாருங்கள். தூசி உள்ளே போகிறது. ஆயிலை விரலில் தேய்த்துப் பார்க்கும் மெக்கானிக்கின் அனுபவத்தை நான் மதிக்கிறேன். ஆனால் ஐந்து மைக்ரான் இரும்பு எந்த விரலுக்கும் தட்டுப்படாது.

வண்டி வைத்திருப்பவர்களே, அடுத்த முறை ஆயில் மாற்றும்போது, எஞ்சின் சூடாக இருக்கையில், முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வழிவதைச் சுத்தமான பாட்டிலில் பிடியுங்கள். ஓடிய கிலோமீட்டரை அதன்மேல் எழுதி ஆய்வகத்துக்கு அனுப்புங்கள்.