கேட்ட நாடகமும் பார்க்கும் நாடகமும்

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் சென்னை சபாக்களின் நகைச்சுவை நாடகங்கள் நீலகிரி மலையில் உள்ள எங்கள் கீழ் கோத்தகிரிக்குக் கேசட்டாகத்தான் வந்தன. எஸ்.வி.சேகரின் ‘மகாபாரதத்தில் மங்காத்தா’ போன்றவை எஸ்டேட் லைன் வீடுகளின் டேப் ரிக்கார்டரில் நாடா தேயும்வரை ஓடின. மழை விடாத நாட்களில் நாலு வீட்டு ஆட்கள் ஒரே அறையில் கூடிக் கேட்டோம்.

அன்று எங்களுக்கு நல்ல நாடகம் என்றால் நல்ல வசனம். எந்த ஜோக்குக்கு அதிகம் சிரித்தோம் என்பதே விமர்சனம். ஆனால் கேசட்டில் சில இடங்கள் வரும்: யாரும் பேசமாட்டார்கள், திடீரென்று அரங்கமே சிரிக்கும். மேடையில் என்னவோ நடந்திருக்கிறது, எங்களுக்குக் கிடைக்கவில்லை. நடிப்பும் இயக்கமும் அங்கேதான் இருந்தன.

அன்றைய மேடையும் பெரும்பாலும் காதை நம்பித்தான் இருந்தது. மைக் நின்ற இடத்துக்கு வந்துதான் நடிகர் பேசியாக வேண்டும். எனவே எல்லோரும் வரிசையாக நின்று பேசினார்கள். 1976-ல் சேகரின் குழுவுக்காக ‘கிரேஸி தீவ்ஸ் இன் பாலவாக்கம்’ எழுதிப் புகழ்பெற்ற கிரேஸி மோகனின் பலமும் வசனம்தான்.

இன்று அதே மோகனின் நாடகங்களை இங்கே செல்போனில் பார்க்கிறோம். 2008-ல் மேடையேறிய ‘சாக்லேட் கிருஷ்ணா’வில் சாக்லேட் விற்கும் மாதுவின் வீட்டுக்குக் கிருஷ்ணரே வந்துவிடுகிறார். கிருஷ்ணராக மோகன் பதறாமல் நிற்கிறார், மாதுவாக அவர் தம்பி பாலாஜி உடம்பெல்லாம் பதறுகிறார். அந்த நிதானமும் பதற்றமும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதால்தான் சிரிப்பு வருகிறது. வசனத்தை மட்டும் கேட்டிருந்தால் இதில் பாதிதான் தெரிந்திருக்கும்.

செட்டைப் பார்க்கும் கண்ணும் இப்போதுதான் வந்தது. சபா நாடகத்தின் நடுக்கூடம் வெறும் சோபாவாகத் தோன்றும். ஆனால் ஆள்மாறாட்டக் கதையில் உண்மையான வேலை கதவுகளுக்கு. ஒருவர் உள்ளே போகும் நொடியில் இன்னொருவர் வெளியே வர வேண்டும். ஒரு நொடி பிசகினால் ஜோக் செத்துவிடும். அதேபோல, சிரிப்பு அடங்கத் தொடங்கும்போது அடுத்த வசனத்தை எடுக்க வேண்டும். முந்தினால் வசனம் காதில் விழாது, பிந்தினால் காட்சி தொய்ந்துவிடும். இந்தக் கணக்கை நடிகர்களுக்குப் பழக்குவது இயக்குநரின் கலை.

செல்போனிலும் ஒரு குறை இருக்கிறது. கேமரா பேசுகிறவரையே காட்டுகிறது. நகைச்சுவையிலோ, கேட்டுக்கொண்டு நிற்பவரின் முகம்தான் பாதி நடிப்பு. அதை எப்போது பார்ப்பது என்று ரசிகனே முடிவு செய்ய வேண்டும். அதற்கு நேரில் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

ஆகவே நாடகக் குழுக்கள் மலையேறி வர வேண்டும். பெரிய அரங்கம் தேவையில்லை. ஒரு பள்ளி மண்டபம், ஒரு சோபா, திறந்து மூட இரண்டு கதவுகள் போதும். வசனத்தை நாங்கள் எப்போதோ மனப்பாடம் செய்துவிட்டோம். மற்றதைப் பார்க்கத்தான் காத்திருக்கிறோம்.