தளவாய் அரியநாத முதலியாரும் கன்னிவாடிப் பாளையமும்

மதுரை நாயக்கர் அரசை நிலைநிறுத்திய அமைச்சருள் தலைசிறந்தவர் தளவாய் அரியநாத முதலியார் என்பது யாவரும் அறிந்ததே. ஆயின் அவரைப் பற்றி வழங்கும் செய்திகளுள் உறுதியுடையன எவை, குடிப்பெருமையால் மிகைபட்டன எவை என்பது தனித்து ஆராயத்தக்கது. அதற்கு நல்லதொரு நிலைக்களன், திண்டுக்கல்லுக்கு மேற்கே மலையடிவாரத்தில் அமைந்த கன்னிவாடி.

தொண்டைமண்டலத்து மெய்ப்பேட்டில் எளிய வேளாளர் குடியிற் பிறந்தவர் அரியநாதர். கணக்குத் திறத்தால் விசயநகர அரசில் இடம்பெற்று, பின்னர் விசுவநாத நாயக்கருடன் மதுரை புகுந்தார் என்பர். படைத்தலைமையாகிய தளவாய்ப் பதவியும், வருவாயைக் காக்கும் பிரதானிப் பதவியும் அவர் ஒருவரிடமே அமைந்தன. விசுவநாதர் முதல் நால்வர் ஆட்சியில் அவர் பணிபுரிந்தார் என்பது வழக்கு.

அவர் பெயரோடு பிரியாது இணைந்தது பாளைய முறை. வடுகப் படைத்தலைவரும் உள்நாட்டுத் தலைவரும் முரணி நின்ற நாட்டில், அவர்க்கு நிலம் அளித்து, படையும் திறையும் கடமையாக்கி, மதுரைக் கோட்டையின் 72 கொத்தளங்களை ஒவ்வொருவர் காவலில் வைத்தனர் என மரபு கூறும். அப்பாளையங்களுள் ஒன்று கன்னிவாடி. வடமேற்கிலிருந்து திண்டுக்கல் வழியாக வரும் பகையை முதலில் எதிர்கொள்ளும் இடம் அது. திருமலை நாயக்கர் காலத்தில் (1623–1659) மைசூர்ப் படை வந்தபோது, கன்னிவாடி இரங்கண்ண நாயக்கர் தளவாய் இராமப்பையனுக்குத் துணைநின்றார் என்பர். எனவே, தோற்றம் எவ்வாறாயினும், முறை பயன்பட்டது என்பதில் ஐயமில்லை.

இனிக் காலம் பற்றிய இடர்ப்பாடு. விசுவநாதர் மதுரை ஆட்சியை 1529இல் ஏற்றார் என்றும், அரியநாதர் 1600இல் மறைந்தார் என்றும் கொள்ளின், அவர் பணிக்காலம் 71 ஆண்டுகள் ஆகும். இஃது இயலுமோ எனின், இயலாததன்று, ஆயின் அரிது. ஈண்டு உரோம அமைச்சர் காசியோடோரசை ஒப்புநோக்கலாம். 514இல் கான்சல் பதவி பெற்றுக் கோத்து மன்னர் பலர்க்குப் பணிபுரிந்த அவர், தம் 93ஆம் அகவையில் எழுத்திலக்கணம் பற்றி நூல் எழுதியதாகத் தாமே குறித்துள்ளார். அரியநாதர்க்கு அத்தகைய சொந்தக் கூற்று ஒன்றும் கிடைத்திலது.

சொந்தக் கூற்றும் நடுநிலையானது ஆகாது. காசியோடோரசு மன்னர் பெயரால் தாம் எழுதிய மடல்களைப் பன்னிரு பகுதிகளாகத் தொகுத்தார். அவற்றுள் தியோடரிக் மன்னர் கூற்றாக அமைந்த மடல் ஒன்று, வாண்டலரிடமிருந்து சிசிலியைக் காத்த பூட்டனையும், அத்திலாவிடம் தூது சென்ற பாட்டனையும், உயர்பதவி வகித்த தந்தையையும் புகழ்கின்றது. மன்னன் வாய்மொழியாகத் தம் குலத்தைத் தாமே புகழ்ந்துகொண்டார் என்பது வெளிப்படை. ஆயினும் அச்செய்திகளை முற்றும் தள்ளுதலும் தகாது. அவையே அக்குடியின் முதன்மைச் சான்று.

பாளையப்பட்டு வமிசாவளிகளும் இத்தகையனவே. அவற்றுட் பல, மெக்கன்சி (மறைவு 1821) சுவடிகள் திரட்டிய காலத்தில், கம்பெனியார் பாளைய உரிமைகளை ஆராய்ந்துவந்த சூழலில் எழுதப்பட்டன. விசுவநாதர் கையாலோ அரியநாதர் கையாலோ உரிமை பெற்றோம் எனல், அன்று பழம்பெருமை மட்டுமன்று, உடைமைக்குச் சான்றுமாகும். 72 பாளையங்களின் பட்டியல்கள் தம்முள் ஒவ்வாமைக்கு இதுவும் ஒரு காரணம் எனலாம். பிற்காலத்தார் பலர் தம் குடியை அப்பழைய எண்ணுள் அடக்க விழைந்தனர் போலும். திருநெல்வேலித் தளவாய் முதலியார் குடும்பத்தின் மரபுரிமைக் கூற்றையும் இவ்வாறே எடைபோடல் வேண்டும்.

ஆகவே சான்றுகளை மூவகைப்படுத்தலாம். மதுரைக் கோயிலில் 1569இல் அரியநாதர் எழுப்பியதாகக் கொள்ளப்படும் ஆயிரக்கால் மண்டபமும், அதன் வாயிலில் அவருடையதெனப்படும் குதிரைமேற் சிற்பமும் கட்புலனாவன; அவற்றைப் பற்றிய வழக்கு சான்றாயினும் சோதனைக்குரியது. பாளைய முறையின் நெடுநாள் வாழ்வு செயலால் விளங்குவது. பிறப்பு, வறுமை, எழுச்சி பற்றிய கதைகள் குடிமரபின்பாற்படுவன. மூன்றையும் ஒரே தட்டில் நிறுத்தல் பிழை.

வமிசாவளிகளைப் பொய்யென ஒதுக்குவோரும், மெய்யென எடுத்தாள்வோரும் ஒரு வினாவை மறக்கின்றனர்: இது யாருக்குக் காட்ட எழுதப்பட்டது? கன்னிவாடி முதலிய பாளையங்களின் உரைநடைச் சுவடிகளை அவ்வினாவோடு கற்பின், அரியநாதர் வரலாறு சுருங்கலாம், எஞ்சுவது உறுதியுடையதாகும்.