பேட்டரியைப் பிரிக்காமல் உள்ளே பார்ப்பது எப்படி?

பழைய பேட்டரி ஏன் சோர்கிறது? அறுத்துப் பார்க்கலாம், அதோடு பேட்டரி போயிற்று. எனவே மருத்துவர் நெஞ்சைத் தட்டுவதுபோல, சுமார் 10 மில்லிவோல்ட் மாறுமின்னழுத்தத்தால் தட்டுகிறார்கள். அதற்கு வெகுவாக மேலே போனால் பேட்டரியின் பதில் தட்டலுக்கு நேர்விகிதத்தில் இராது.

நொடிக்குப் பல்லாயிரம் முறை தட்டினால் பெரும்பாலும் மின்பகுளியின் தடையே தெரியும். வேகத்தைக் குறைத்தால் மின்முனைப் பரப்பில் வினையின் தயக்கம் வரைபடத்தில் அரைவட்டமாக எழும். பேட்டரி முதுமையடைய அது பொதுவாகப் பெரிதாகும். இன்னும் மெதுவானால் அயனிகளின் ஊடுருவல் 45 பாகைச் சாய்கோடாகும். இதன் கணக்கை 1899-லேயே போட்டவர் ஜெர்மானியர் வார்பர்க். இதே சோதனையை எரிமின்கலத்திலும் செய்யலாம்: அங்கே சவ்வு உலர்ந்தால் வளைவு வலப்பக்கம் நகரும்.

பொறுமை வேண்டும்: 1 மில்லிஹெர்ட்ஸில் ஒரே அலைக்கு 1000 நொடி. வளைவை விளக்க மின்சுற்று மாதிரிகளைப் பொருத்திப் பார்ப்பார்கள்; ஒரே வளைவுக்குப் பல மாதிரிகள் பொருந்தும். ஆகவே பொருத்தம் அழகாக இருக்கிறதென்று மட்டும் எதையும் நம்பிவிடாதீர்கள்.