டேர்போ டீசல் வாகனமும் மண்ணெண்ணெய்ப் பழக்கமும்

கனகராயன்குளப் பகுதியில் மரக்கறிச் செய்கை பண்ணும் கமக்காரர் சிலர் இப்போது சொந்தமாகக் கெப் வாகனம் வைத்திருக்கின்றனர். கத்தரி, பயற்றை, வெண்டி முதலியவற்றை மாலையிற் பிடுங்கி, இரவோடிரவாக ஏ9 வீதி வழியே வவுனியாவுக்கோ தம்புள்ளைக்கோ கொண்டு சென்று, விடியுமுன் விற்பதற்கு இவ்வாகனம் பேருதவி புரிகின்றது. இவற்றுட் பெரும்பாலானவை பிறர் பாவித்து விற்றவை. டேர்போ டீசல் எஞ்சின் பூட்டப்பட்டவை. உழவு இயந்திரத்தைக் கையாண்டு பழகிய கைகளே இவற்றையும் கையாளுகின்றன. இடர் வருவதும் அங்கேதான்.

சில காலத்துக்கு முன், கத்தரியிற் காய் துளைப்பான் கண்டிருக்கின்றது என்று ஒரு கமக்காரர் அழைத்ததன் பேரில் அவரது தோட்டத்துக்குச் சென்றேன். முற்றத்திலே அவருடைய கெப் வாகனம் மூடி திறந்தபடி நின்றது. அதன்மேற் கோழிகள் ஏறி நின்றன. இரண்டு மாதமாக அது அசையவில்லை என்றும், நான்கு இன்ஜெக்டர்களும் உயர் அமுக்கப் பம்பும் கெட்டுவிட்டன என்றும், அவற்றை மாற்றுவதற்கு மெக்கானிக் கூறிய தொகை அவ்வருடத்து மிளகாய் வருமானத்தை ஒத்தது என்றும் அவர் கூறினார். டீசலுடன் மண்ணெண்ணெய் கலந்து ஓட்டினீர்களா என்று கேட்டேன். அவர் ஒளிக்கவில்லை. "தடைக்காலத்திலை மெசினே மண்ணெண்ணெயிலைதானே தம்பி ஓடினது. இதுவும் டீசல் எஞ்சின்தானே?" என்றார்.

அவர் சொன்னதில் உண்மை உண்டு. 1990 முதல் வன்னிக்கு எரிபொருள் தடைப்பட்டிருந்த ஆண்டுகளில், மோட்டார்ச் சைக்கிளை ஒரு சொட்டுப் பெற்றோலிற் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டியவர்களும், டீசல் எஞ்சினுக்கு மண்ணெண்ணெயுடன் எண்ணெய் கலந்து ஊற்றியவர்களும் நம்மிடையே இன்னமும் இருக்கின்றனர். அவர்களது கெட்டித்தனத்தைக் குறை கூறுதல் தகாது. 2022 இல் எரிபொருள் நெருக்கடி வந்தபோது அப்பழக்கம் திரும்பி வந்தது. அவ்வாண்டு யூன் மாத இறுதியில் ஒட்டோ டீசல் லீற்றர் 460 ரூபாவாயிற்று. மண்ணெண்ணெயோ ஆகஸ்ட் மாதத்தில் 340 ரூபாவாக உயர்த்தப்படும் வரை 87 ரூபாவாகவே இருந்தது. கையிற் பணம் முடைப்பட்டவன் எதை நாடுவான் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. ஆனால் பழைய எஞ்சின் பொறுத்துக்கொண்டதைப் புதிய எஞ்சின் பொறுக்காது. அதன் காரணத்தைக் கமக்காரர் அறிந்திருத்தல் அவசியம்.

நாம் நன்கறிந்த மசி பெர்கூசன் 135 உழவு இயந்திரத்தின் பேர்கின்ஸ் எஞ்சினை எடுத்துக்கொள்வோம். மூன்று உருளைகள், மொத்தக் கொள்ளளவு ஏறத்தாழ 2500 கன சென்ரிமீற்றர், வலு ஏறத்தாழ 45 பரிவலு. விவசாயப் பாடசாலையில் நாங்கள் கழற்றிப் பூட்டிப் பழகியதும் இதனையொத்த எஞ்சினே. இனி, டொயோட்டா ஹைலக்ஸ் வாகனங்களிற் பூட்டப்பட்ட 2கேடி என்னும் எஞ்சினைப் பாருங்கள். நான்கு உருளைகள், விட்டம் 92 மில்லிமீற்றர், பிஸ்டனின் ஓட்டம் 93.8 மில்லிமீற்றர், கொள்ளளவு 2494 கன சென்ரிமீற்றர். அதாவது உழவு இயந்திரத்தின் அளவேதான். ஆயினும் அதன் வலு, தொடக்கத்தில் வந்த வகையிலேயே, 102 பரிவலு. அதிகமான சுழற்சி வேகம் இதற்கு ஒரு காரணம். மற்றைய இரண்டு காரணங்கள் டேர்போவும் உயர் அமுக்க எரிபொருள் முறையுமாம்.

டேர்போ என்பது ஒரே தண்டில் இரு முனைகளிலும் பூட்டிய இரண்டு சிறு விசிறிச் சில்லுகள். வெளியேறும் சூடான புகை ஒரு சில்லைச் சுழற்ற, மறு முனையிலுள்ள சில்லு வெளிக்காற்றை அமுக்கி உருளைகளுக்குள் தள்ளுகின்றது. காற்று மிகுந்தால் அதற்கேற்ப டீசலையும் மிகுதியாக எரிக்கலாம். வீணே போகும் புகையைக் கொண்டே வேலை வாங்கும் இம்முறைக்குச் சுவிற்சர்லாந்துப் பொறியியலாளர் அல்பிரட் பூக்கி 1905 இல் காப்புரிமை பெற்றார். கப்பலிலும் லொறியிலும் நெடுங்காலம் இருந்த பின்னரே, 1978 இல், மேர்சிடிஸ் நிறுவனத்தின் மூலம் இது டீசல் காருக்கு வந்தது. அச்சிறு தண்டு நிமிடத்துக்கு ஓர் இலட்சம் முறைக்கு மேலும் சுழலக்கூடியது. அதனைத் தாங்குவது எஞ்சின் ஒயிலின் மெல்லிய படலம் ஒன்றேயாகும்.

எரிபொருள் முறை அதனினும் நுட்பமானது. பழைய உழவு இயந்திரத்தின் இன்ஜெக்டர் காற்றமுக்கத்தின் ஏறத்தாழ இருநூறு மடங்கிலேயே டீசலைத் தெளித்தது. 1990களின் பிற்பகுதியிலிருந்து கார்களுக்கு வந்த பொதுக்குழாய் முறையிலோ, ஒரு பம்பு டீசலை ஆயிரம் மடங்குக்கும் மேலாக அமுக்கி ஒரே குழாயில் நிறைத்து வைக்க, மின்கட்டுப்பாட்டுப் பெட்டியின் கட்டளைப்படி ஒவ்வோர் இன்ஜெக்டரும் கணப்பொழுதுக்குத் திறந்து மூடுகின்றது. இப்பம்பின் உட்பாகங்கள் மயிரிழையிலும் மெல்லிய இடைவெளியுடன் உராய்கின்றன. அவற்றுக்கு வழுக்குத்தன்மை கொடுப்பது டீசலே. மண்ணெண்ணெய் டீசலிலும் வழுக்குத்தன்மை குறைந்தது. அது புகுந்தவுடன் உலோகம் உலோகத்தோடு தேய்கின்றது. தேய்ந்த துகள் குழாய் வழியே இன்ஜெக்டர்களை அடைகின்றது. பம்பு ஒன்றில் தொடங்கிய கேடு நான்கு இன்ஜெக்டர்களையும் கெடுத்துவிடுவது இவ்வாறுதான். குறையை ஈடுசெய்யலாம் என்று கருதி எஞ்சின் ஒயிலை மண்ணெண்ணெயிற் கலப்பதும் கூடாது. அது எரிந்து கரியாகி இன்ஜெக்டரின் நுனித் துளைகளை அடைத்துவிடும்.

நீரும் மண்ணெண்ணெய்க்குச் சளைத்த பகையன்று. நெல் அறுவடைக்கென டீசலைப் பரலிற் சேமிக்கும் வழக்கம் நம்மவரிடம் உண்டு. பாதி நிறைந்த பரலில் இரவுக் குளிரில் நீர் வியர்த்து அடியில் தங்கும். அப்பரலிலிருந்து வாகனத்துக்கு எடுப்பதைத் தவிர்த்தல் நன்று. எடுக்கத்தான் வேண்டுமெனில், ஓரிரு நாள் அசையாது வைத்து, அடியில் நாலு விரற்கடை விட்டு மேலாக எடுத்து, மெல்லிய துணியில் வடித்து ஊற்றுக. வாகனத்தின் டீசல் பில்டருக்கு அடியில் நீரை வெளியேற்றும் திருகு ஒன்று உண்டு. மாதம் ஒரு முறையேனும், மாரி காலத்தில் அடிக்கடியும், அதைத் திறந்து தெளிந்த டீசல் வரும் வரை ஒழுகவிடல் வேண்டும். இதற்குச் செலவு ஒரு சதமும் இல்லை.

ஒயில் விடயத்திற் சிக்கனம் பார்ப்போர் பலர். உழவு இயந்திரத்துக்கு வாங்கிய ஒயிலில் மிஞ்சியதை வாகனத்துக்கு ஊற்றுவோரையும் கண்டிருக்கின்றேன். கையேட்டிற் குறித்த தரத்து ஒயிலையே ஊற்றுதல் வேண்டும். நமது கிரவல் பாதையும் சூளைமேடு போன்ற வெயிலும் மரக்கறிப் பாரமும் சேர்ந்த இடத்தில், 5000 கிலோமீற்றருக்கு ஒரு முறை ஒயிலையும் ஒயில் பில்டரையும் மாற்றுவதே தக்கது. ஏ9 வீதியில் விரைந்து ஓடி வந்து வீட்டு வாசலில் நிறுத்தியவுடன் திறப்பை மூடிவிடுதலும் கூடாது. எஞ்சின் நின்றதும் ஒயில் பம்பும் நின்றுவிடும். டேர்போத் தண்டோ சூடேறியபடி சுழன்றுகொண்டிருக்கும். தங்கிய ஒயில் வெந்து கரியாகிப் பெயரிங்கை அரிக்கும். ஒன்று அல்லது இரண்டு நிமிடம் மெதுவாக ஓடவிட்டு நிறுத்துக. காலையிலும் கிளப்பியவுடன் உறுமவிடாது, சிறிது நேரம் ஒயில் மேலேற விடுக.

மேற்சொன்ன 2கேடி எஞ்சினிலும் அதன் தமையனாகிய 3 லீற்றர் 1கேடி எஞ்சினிலும் பரவலாக அறியப்பட்ட ஒரு குறை உண்டு. இன்ஜெக்டரின் அடியிலுள்ள செப்பு வளையம் தளர்ந்தால், எரிவாயு கசிந்து எஞ்சின் ஒயிலோடு கலந்து, அதனைத் தார் போலாக்கும். அத்தார் அடித்தட்டிலுள்ள உறிஞ்சு குழாயின் சல்லடையை அடைக்க, எஞ்சினுக்கும் டேர்போவுக்கும் ஒயில் ஏறாது போய்விடும். ஒயில் விளக்கு எரிவதைக் கண்ட பின்னர் மேலும் ஒரு கிலோமீற்றர் ஓட்டினாலும் எஞ்சின் முழுதும் பாழாகலாம். ஆகவே செப்பு வளையங்களைக் காலத்தில் மாற்றி, ஐயமிருப்பின் அடித்தட்டைக் கழற்றிச் சல்லடையைப் பார்க்கச் சொல்லுக. டைமிங் பட்டியையும் மறத்தலாகாது. கையேடு கூறும் தூரம் நாட்டுக்கு நாடு 100,000 முதல் 150,000 கிலோமீற்றர் வரை வேறுபடும். பட்டி அறுந்தால் வால்வுகளும் பிஸ்டன்களும் மோதும்.

காற்றுப் பில்டரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நமது செம்மண் தூசியும் சூடடிக்கும் காலத்து நெற்சுங்கும் எவ்வாறு படியும் என்பதை நீங்களே அறிவீர்கள். பில்டரைத் தட்டியும் உட்புறமிருந்து வெளிப்புறமாக ஊதியும் துப்புரவாக்கலாம். கழுவி உலர்த்திப் போடுதல் கூடாது. கிழிந்த பில்டரினூடாகப் புகும் மணல் டேர்போச் சில்லின் இதழ்களை அரித்துவிடும்.

புகையின் நிறம் எஞ்சினின் நாடி. கருமையாயின் காற்றுக் குறைவு அல்லது இன்ஜெக்டர்ப் பழுது. நீலமாயின் ஒயில் எரிகின்றது. சூடேறிய பின்பும் வெண்மையாயின் எரியாத டீசல், அல்லது உருளைக்குள் கசியும் றேடியேற்றர் நீர். 2008 முதல் வருடந்தோறும் நடைபெறும் புகைப் பரிசோதனையில் தோற்ற பின்னர்தான் இதைக் கவனிக்க வேண்டுமென்பதில்லை.

நீலப் புகையை அலட்சியம் செய்தால் நேரக்கூடிய பேராபத்து ஒன்றையும் குறிப்பிட வேண்டும். டேர்போவின் ஒயில் அடைப்பு முற்றாகக் கெட்டால், எஞ்சின் தன் ஒயிலையே எரிபொருளாக உறிஞ்சித் தானாகவே வேகம் கூடும். திறப்பை மூடினாலும் நில்லாது. அவ்வேளையில் வாகனத்தை மேல் கியரில் இட்டு, பிரேக்கை முழுப் பலத்தோடு மிதித்தபடி கிளச்சை விட்டு எஞ்சினை அடக்க வேண்டும். காற்றுக் குழாயைக் கையால் மூட எத்தனித்தல் ஆகாது.

மாரியிற் கனகராயனாறு பெருகித் தாம்போதிகளுக்கு மேலே பாயும் நாட்களில், உழவு இயந்திரம் போன இடத்தால் கெப் வாகனமும் போகலாம் என்று எண்ணாதீர்கள். உழவு இயந்திரங்கள் பலவற்றிற் காற்றுக் குழாய் உயரத்தில் உள்ளது. கெப் வாகனத்தில் அது விளக்குக்கு அருகில் உள்ளது. ஒரு மிடறு நீர் உருளைக்குட் போனாற் போதும். நீர் அமுங்காதாகையால் பிஸ்டனின் தண்டு வளைந்துவிடும். நீரில் நின்றுபோன எஞ்சினை மீண்டும் கிளப்ப முயலாது, கயிறு கட்டி இழுத்துக் கரையேற்றுக.

பாவித்த வாகனம் வாங்கச் செல்வோர், எஞ்சின் குளிர்ந்திருக்கும் காலை வேளையிற் செல்லுதல் நலம். விற்பவர் முன்னரே சூடாக்கி வைத்திருந்தால் அதற்கொரு காரணம் இருக்கும். எஞ்சின் ஓடுகையில் ஒயில் மூடியைத் திறந்து பாருங்கள். புகை குமுறிக்கொண்டு வந்தாலும், மூடியின் உட்புறத்திலே தார் படிந்திருந்தாலும், விலை எவ்வளவு குறைவாயினும் திரும்பி வந்துவிடுங்கள்.